புள்ளிகளும் வெற்றிடங்களும்: பேராக்கில் மறுசுழற்சி இடம் காட்டும் வரைபடச் செயலி குறித்து

வரைபடச் செயலியில் மறுசுழற்சி இடம் தேடினால் ஒரு புள்ளியும் அது எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கும் கிடைக்கும். பேராக் மாநிலத்துக்கு இவ்வளவு போதாது. எந்தப் பொருளை யார், எந்த நாளில் எடுக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லும்படி அந்த வசதியை மாற்றி அமைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காரணத்தைச் சட்டத்திலிருந்தே தொடங்கலாம். 2007ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத்துப்புரவு நிர்வாகச் சட்டம் (சட்டம் 672) 2011 செப்டம்பரில் அமலுக்கு வந்தபோது ஜொகூர், கெடா, பகாங் உள்ளிட்ட மாநிலங்கள் அதை ஏற்றன. பேராக், சிலாங்கூர், பினாங்கு ஏற்கவில்லை. ஏற்ற மாநிலங்களில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயமாயிற்று. வாரத்தில் இரு நாள் சாதாரணக் குப்பைக்கும் ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளுக்கும் லோரி வாசலுக்கு வரும் முறையும் வந்தது. ஈப்போவில் வளர்ந்த பழக்கமோ வேறு: பொருளைத் தானே தூக்கிக்கொண்டு போவது, இல்லையென்றால் வாங்குபவர் வரும்வரை வீட்டோரம் அடுக்கி வைப்பது. ஆக, ஜொகூர்காரரைவிட ஈப்போக்காரருக்கே இந்த வரைபடம் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

வாங்குபவரைத்தான் வரைபடம் காண்பதில்லை. ஒலிபெருக்கியில் பதிவுக் குரலை ஓடவிட்டுத் தாமான் தாமானாக வரும் பழைய பேப்பர் லோரி தாளும் இரும்பும் பழைய பேட்டரியும் எடுக்கும்; கண்ணாடி சாஸ் போத்தலைத் தொடாது, அதில் காசில்லை. அந்தப் போத்தலுக்குப் பழுப்புத் தொட்டிதான் கதி. (தாளுக்கு நீலம், பிளாஸ்டிக்குக்கும் அலுமினியத்துக்கும் ஆரஞ்சு.) புந்தோங்கில் கச்சாங் பூத்தே பொரிக்கும் வீடுகளில் மிஞ்சும் எண்ணெய்க்கு இம்மூன்று நிறமும் உதவாது, அதை வாங்குபவர்கள் தனி. ஓப்பன்ஸ்திரீட்மேப் போன்ற திறந்த வரைபடத்தில் மறுசுழற்சி இடத்தைப் பதியலாம், ஏற்கப்படும் பொருள்களையும் ஒவ்வொன்றாகக் குறிக்கலாம். நகரும் லோரிக்கு அங்கே இடமில்லை, களத்தில் நிலையாக நிற்பதையே அது பதிகிறது. இது வரைபடத்தின் குற்றமன்று. செயலி தன் பங்குக்கு அட்டவணை ஒன்றைத் தனி அடுக்காகச் சேர்க்க வேண்டும். அந்த அடுக்கில் வட்டாரமும் கிழமையும் மட்டும் இருந்தால் போதும். லோரி இந்த நிமிடம் எங்கே நிற்கிறது என்று காட்டுவது சில்லறை வியாபாரியைக் கண்காணிப்பதில் போய் முடியும்.

இதைவிடச் சிக்கலானது தோட்டப்புறம். 1950களில் தோட்டத் துண்டாடல் தீவிரமானதை எதிர்கொள்ள, சுங்கை சிப்பூட்டில் பிறந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதன் பிறகும் பால்மரம் செம்பனைக்கு வழிவிட்டது, பல தோட்டங்கள் தாமான்களாயின. லயங்கள் இருந்த காலத்தில் குப்பையை அள்ளுவது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. நிர்வாகம் போன பின்பும் குடும்பங்கள் தங்கிய இடங்களில், தனியார் நிலம் என்பதால் உள்ளாட்சி லோரி நுழைவது தானாக நடப்பதில்லை. செயலி காட்டும் ‘மிக அருகிலுள்ள’ தொட்டி செம்பனைக் காட்டின் மறுபக்கம் இருக்கலாம். நடுவே பூட்டிய கேட் இருப்பது நேர்கோட்டுக் கணக்குக்குத் தெரியாது.

இத்தகைய இடம் வரைபடத்தில் வெறுமையாகக் கிடக்கும். பார்ப்பவர் அதை அங்குள்ளவர்களின் அக்கறையின்மை என்று எளிதில் படித்துவிடுவார். உண்மையில் அந்த வெறுமைக்கு இரண்டு பொருள் உண்டு: போய்ப் பார்த்தோம், தொட்டி இல்லை, அல்லது யாரும் போய்ப் பார்க்கவே இல்லை. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டாத வடிவமைப்பை நான் ஏற்கமாட்டேன். ‘இல்லை’ என்று உறுதியான இடத்தைத் தொட்டால், அது எந்த உள்ளாட்சி மன்றத்தின் எல்லை, யாருடைய நிலம் என்ற விவரம் வர வேண்டும். புகார் எங்கே போக வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரியும்.

தேடலுக்கும் உள்ளூர் அறிவு வேண்டும். தோட்டம் மறைந்த பின்னும் பல தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் ‘லாடாங்’ (தோட்டம்) நீடிக்கிறது. முகவரி இல்லாத வீட்டுக்கு வழி சொல்வோர் கோயிலைத்தான் சொல்கிறார்கள். பழைய பெயருக்கும் தமிழ்ப் பெயருக்கும் திறந்த வரைபடத்தில் தனிக் கட்டங்கள் ஏற்கெனவே உண்டு. நிரப்பத்தான் ஆளில்லை.

தன்னார்வலரை நம்பினால் நகரம் மட்டுமே நிரம்பும் என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் ஸ்திரீட்கம்ப்ளீட் செயலி ஒரு வழி காட்டுகிறது: வழிப்போக்கரிடம் ‘இத்தொட்டியில் என்ன போடலாம்?’ என்று கேட்கிறது, பதிவு பழையதானால் மறுபடியும் கேட்கிறது. அதே கேள்வியைத் தோட்டப் பள்ளியின் பெற்றோர் சங்கத்திடமும் கோயில் நிர்வாகத்திடமும் தமிழில் கேட்கலாம். பழையதான புள்ளி மங்கித் தெரியட்டும், கடைசியாகச் சரிபார்த்த தேதி அதன்மேலேயே இருக்கட்டும்.