செயலி வேகக் குறைவு

கணினிச் செயலி, பெட்டியில் அச்சிட்ட கிகாஹெர்ட்ஸ் எண்ணுக்குக் கீழே இயங்குவது செயலி வேகக் குறைவு. பெரும்பாலும் இது பழுதல்ல. சூட்டிலிருந்து தப்பவோ மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவோ செயலி தானே செய்துகொள்ளும் ஏற்பாடு. கேரளத்தில் தமிழர் வாழும் எல்லைப் பகுதிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையாறு வெயிலில் காய்கின்றன. இடுக்கியின் மூணாறும் தேவிகுளமும் குளிரில் நடுங்குகின்றன. இரண்டு இடத்துப் பள்ளிகளிலும் இருப்பதோ ஒரே அரசுத் திட்டத்தில் வந்த மடிக்கணினிகள்.

தொடக்கத்தில் இந்தச் சிக்கலே இல்லை. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் 8088 செயலி 4.77 மெகாஹெர்ட்ஸ் என்றால் எப்போதும் 4.77தான். பின்னர் வந்த நகல் கணினிகள் அதைவிட வேகமாக ஓடின. பழைய வேகத்தை நம்பி எழுதிய விளையாட்டுகள் அவற்றில் தறிகெட்டு ஓடியதால், பெட்டியின் முகப்பில் ஒரு பொத்தான் வைத்தார்கள். பெயர் டர்போ, உண்மையான பயன் வேகத்தைக் குறைப்பது.

எண்ணும் வேகமும் முதலில் பிரிந்தது விற்பனைக் களத்தில். 1996-இல் சைரிக்ஸ் நிறுவனம் 150 மெகாஹெர்ட்ஸ் செயலியை 200+ என்ற பெயரில் விற்றது. 2001-இல் ஏஎம்டி அதே வழியில் போனது: அத்லான் எக்ஸ்பி 1700+ உண்மையில் 1.47 கிகாஹெர்ட்ஸ். இதை மோசடி என்று தள்ளிவிட முடியாது. அந்நாளைய பென்டியம் 4, கடிகாரத்தின் ஒரு துடிப்பில் குறைவான வேலையே செய்தது. வெறும் கிகாஹெர்ட்ஸை வைத்து ஒப்பிட்டால் ஏஎம்டிக்குத்தான் அநியாயம். ஆனால் வாங்கியவர் குழம்பியதும் உண்மை. போதாக்குறைக்கு, மதர்போர்டில் உள்ள காசு போன்ற பேட்டரி தீர்ந்து பயாஸ் அமைப்பு அழிந்தால், சில போர்டுகள் 133-க்குப் பதில் 100 மெகாஹெர்ட்ஸ் பஸ் வேகத்தில் எழுந்தன. அப்போது அதே 1700+ வெறும் 1.1 கிகாஹெர்ட்ஸில் ஓடும். புது பேட்டரி போட்டு அமைப்பைத் திருத்தினால் சரியாகிவிடும்.

செயலி ஓடும்போதே தன் வேகத்தை மாற்றிக்கொள்வது மடிக்கணினிகளில் பரவியது. 2000 ஜனவரியில் இன்டெல் ஸ்பீட்ஸ்டெப் வந்தது: 650 மெகாஹெர்ட்ஸ் மொபைல் பென்டியம் III, பிளக்கைப் பிடுங்கினால் 500-க்கு இறங்கும். 2004-இல் லினக்ஸ் கருவில் 'ஆன்டிமாண்ட்' என்ற நிர்வாகி சேர்ந்தது. வெங்கடேஷ் பல்லிபாடி அதை எழுதியவர்களில் ஒருவர். வேலை இருந்தால் வேகத்தை ஏற்றும், சும்மா இருந்தால் இறக்கும். 'என் கணினி 800 மெகாஹெர்ட்ஸ்தான் காட்டுகிறது' என்ற புகார்களில் பெரும்பகுதி இந்தச் சும்மா இருக்கும் நேரத்துக் கணக்கு.

சூட்டின் கதை வேறு. செயலியின் மின்செலவு வேகத்தோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருபடியோடும் ஏறும். வேகத்தைக் கால்வாசியும் அழுத்தத்தை 15 சதவீதமும் குறைத்தால் செலவு கிட்டத்தட்ட பாதியாகும். டிரான்சிஸ்டர் சிறுத்தால் அழுத்தமும் குறையும், சூடு கட்டுக்குள் நிற்கும் என்று ராபர்ட் டென்னார்டும் உடன் உழைத்தவர்களும் 1974-இல் காட்டியிருந்தார்கள். முப்பது ஆண்டு கழித்து அந்த விதி பலிக்கவில்லை, மின்கசிவு மிஞ்சியது. 2004 அக்டோபரில் இன்டெல் தன் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தைக் கைவிட்டது. அதற்கு முன்பே, 2001-இல் டாம்ஸ் ஹார்ட்வேர் தளம் ஒரு படம் எடுத்தது: ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் ஹீட் சிங்க்கைக் கழற்றியதும் ஏஎம்டி செயலி கருகியது, பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துத் தப்பியது. வேகக் குறைவு செயலியின் உயிரைக் காக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2008 நவம்பரில் கோர் ஐ7-உடன் டர்போ பூஸ்ட் வந்தபின் பெட்டியில் இரண்டு எண்கள் நிலைத்தன. 2017-இன் ஐ5-8250யூ அடிப்படையில் 1.6, உச்சத்தில் 3.4 கிகாஹெர்ட்ஸ். விளம்பரம் பெரிய எண்ணைச் சொல்கிறது. 15 வாட் மின்வரம்புக்குள் நெடுநேரம் உறுதியாகக் கிடைப்பது சிறிய எண்தான்.

கேரளப் பள்ளிகளுக்கு வருவோம். கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் 2018-இல் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டம் 45,000 வகுப்பறைகளைத் தொட்டது. கணினிகளில் ஓடுவது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கைட் லினக்ஸ். வாளையாற்றுக்குப் பக்கத்தில், கஞ்சிக்கோட்டில் ஆலை நடத்தும் பொதுத்துறை நிறுவனமான ஐடிஐ, இன்டெலுடன் சேர்ந்து உருவாக்கிய 'ஸ்மாஷ்' கணினிகளை 2023-இல் அறிவித்தது. கைட்டிடமிருந்து ஏறத்தாழ 9,000 மடிக்கணினிகளுக்கான ஒப்பந்தமும் பெற்றது.

2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது. முழுச் சுமையில் ஒரு செயலி அறையைவிட 65 டிகிரி கூடுதலாகச் சூடேறும் என்று வைத்துக்கொள்வோம். 22 டிகிரி அறையில் 87. 41 டிகிரி அறையில் 106. இன்டெல் மடிக்கணினிச் செயலிகள் பலவற்றுக்கு வரம்பு 100. ஆக சித்தூரில் வேகத்தைக் குறைப்பதைத் தவிர அதற்கு வழியில்லை. அங்கே முதலில் பார்க்க வேண்டியவை ஃபேன் தூசி, காய்ந்த தெர்மல் பேஸ்ட், காற்று வரும் துளையை அடைக்கும் மேசை விரிப்பு.

மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு என்பதால் ஃபேன் தள்ளும் காற்றும் அந்த அளவுக்கு மெலிந்திருக்கும். ஆனால் அங்குள்ள குளிர் அதை ஈடுகட்டிவிடுகிறது. அங்கே ஒரு மடிக்கணினி மந்தமாக இருந்தால் சூட்டைவிட, மின்சேமிப்பு அமைப்பையும் சார்ஜரையும் தேய்ந்த பேட்டரியையும் சந்தேகிப்பதே முறை.