அழுத்தநீக்க நோய்க்கான அவசர சிகிச்சை

அழுத்தநீக்க நோய் என்பது ஸ்கூபா முக்குளிப்போர் விரைந்து மேலெழும்போது, உடலில் கரைந்துள்ள நைட்ரசன் குமிழ்களாக வெளிப்படுவதால் உண்டாகும் நோயாகும். இது மூட்டுவலியோடு நிற்கலாம். முதுகுத்தண்டைத் தாக்கிக் கால்களைச் செயலிழக்கச் செய்யவும் கூடும். தூய ஆக்சிசன் கொடுப்பது முதலுதவி மட்டுமே. உரிய சிகிச்சை, உயர் அழுத்த அறையில் மீண்டும் அழுத்தத்துக்கு உட்படுத்துவதாகும். அமெரிக்கக் கடற்படையின் 6ஆம் அட்டவணைப்படி இது 18 மீட்டர் ஆழத்துக்கு ஈடான அழுத்தத்தில் தொடங்கி ஏறத்தாழ 5 மணிநேரம் நீடிக்கும்.

அமெரிக்காவில் இத்தகைய அறைகள் ஏராளம். ஆனால் பெரும்பாலானவை ஆறாத புண்களுக்காக முன்பதிவின்படி பகலில் மட்டுமே இயங்குகின்றன. முக்குளிப்போரை எந்நேரமும் ஏற்பவை சிலவே. எனவே அறையைத் தேடி அலையாமல், அருகிலுள்ள மருத்துவமனையை அடைந்து, 1980இல் தொடங்கப்பட்ட டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் 24 மணிநேரத் தொலைபேசி வழியே ஏற்கும் அறையை அறிவதே முறை. உலங்கு வானூர்தியில் கொண்டுசெல்வதாயின் தாழப் பறக்க வேண்டும். உயரம் கூடினால் குமிழ்கள் பெரிதாகும்.