உருவத்தைப் போற்றிய நாடு



இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் நமக்கு இயந்திரம் அந்நியமானதன்று. துறைமுகத்தின் கிரேன்களும் ஆலைகளின் சங்கொலியும் நம் வீடுகளின் நாள்களை வகுத்து வந்துள்ளன. இயந்திரத்தையும் மனிதனையும் பற்றி ஆழ்ந்து எண்ணிய எழுத்தாளர் ஒருவரை இவ்வாரம் நினைவுகூருவோம்.

‘சுஜாதா’ என்று நாம் அறிந்த எஸ். ரங்கராஜன் 1935 மே 3 அன்று திருவல்லிக்கேணியில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் பாட்டியின் இல்லத்தில் வளர்ந்தார். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியலும், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் பயின்றார். மனைவியின் பெயரையே புனைபெயராக ஏற்றுக்கொண்டார்.

ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த ‘என் இனிய இயந்திரா’ அவருடைய புகழ்பெற்ற அறிவியல் புதினம். அதில் வரும் எதிர்கால இந்தியாவை ஜீவா என்னும் சர்வாதிகாரி ஆளுகிறான். பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். ஆயினும் மக்கள் அவனைப் போற்றுகின்றனர். காணாமற்போன கணவனைத் தேடும் நிலாவும், ஜீனோ என்னும் இயந்திர நாயும் இறுதியில் உண்மையைக் கண்டறிகின்றனர். ஜீவா என்றொரு மனிதனே இல்லை. அது ஒளியால் ஆன வெறும் உருவம். அதன் மறைவில் ஆள்வோர் வேறு சிலர். பொற்சிலைக்கு முன் பணிய மறுத்த மூன்று வாலிபரின் வரலாற்றை அறிந்த நமக்கு இக்கதை உடனே விளங்கும்.

இதனை எழுதியவரே, பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியிலும் முக்கியப் பங்காற்றினார். அத்தகைய இயந்திரம் முதன்முதலில் 1982இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில், 50 வாக்குச்சாவடிகளில் பயன்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்தது. 1988இல் சட்டம் திருத்தப்பட்டது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுவதும், நம் தொகுதிகளிலும், மக்கள் அதில் வாக்களித்தனர். முகமற்ற ஆட்சியைக் கதையில் எச்சரித்தவர், ஆள்வோரை மக்கள் தெரிந்தெடுக்கும் கருவிக்கும் உழைத்தார். 2008 பிப்ரவரி 27 அன்று சென்னையில் காலமானார்.

அன்பானவர்களே, ஒன்றைக் கவனியுங்கள். அப்புதினத்தில் மக்களை ஏமாற்றியது இயந்திரம். அவ்வேமாற்றை வெளிப்படுத்தத் துணை நின்றதும் இயந்திரமே. குற்றம் கருவியில் இல்லை. உருவத்தின் பின்னால் நிற்பவர் யார் என்று கேட்க மறந்த உள்ளங்களில் இருந்தது. இன்று, பேசாதவர் பேசியதாகவும் நிகழாதது நிகழ்ந்ததாகவும் காட்டும் படங்கள் நம் கைப்பேசிக்கே வந்து சேருகின்றன. அவற்றை நம்பி அயலானை வெறுப்பதற்கு முன்னும், பிறருக்கு அனுப்புவதற்கு முன்னும், நிலா கேட்ட கேள்வியை நாமும் கேட்போமாக: இதன் பின்னால் இருப்பவர் யார்?