இஷாசெக் போரும் ஹங்கேரியின் அரியணை நீக்கப் பிரகடனமும், 1849

1848–49ஆம் ஆண்டுகளில் ஹங்கேரியர் ஹாப்ஸ்பர்க் பேரரசை எதிர்த்து நடத்திய விடுதலைப் போரில், 1849 ஏப்ரல் 6 அன்று இஷாசெக் என்னும் ஊரருகே நிகழ்ந்த மோதல் படைத்துறை நோக்கில் முற்றுப்பெறாத வெற்றியே ஆயினும், அரசியலில் அது முற்றுப்பெற்ற வெற்றியாகவே கொள்ளப்பட்டது.

இவ்வாறு ஒரு போரை அதன் அளவுக்கு மீறிப் பொருள்கொள்ளும் போக்கை முதலில் தொடங்கியது ஆஸ்திரியத் தரப்புதான். பிப்ரவரி இறுதியில் காபோல்னாவில் ஹங்கேரியர் பின்வாங்கியதும், தலைமைத் தளபதி வின்டிஷ்கிரேட்ஸ் கலகப்படை சிதறிவிட்டதாக அரசவைக்கு எழுத, அதை நம்பி மார்ச் 4ஆம் நாளிட்டு வெளியிடப்பட்ட ஓல்ம்யூட்ஸ் அரசமைப்பு, ஹங்கேரியின் தனி உரிமைகளைப் பறித்து, டிரான்சில்வேனியாவையும் குரோவாசியாவையும் அதிலிருந்து பிரித்தது. சிதறியதாகக் கருதப்பட்ட அப்படையோ ஒரு மாதத்திற்குள் ஆர்தூர் கெர்கெய் தலைமையில் மீண்டும் முன்னேறியது.

ஹங்கேரியரின் திட்டப்படி, காஷ்பாரின் படையணி ஹத்வன் சாலையில் நின்று, முழுப்படையும் அங்கேயே இருப்பதாக எதிரியை நம்பவைக்க வேண்டும். கிளாப்கா, தம்யானிச், அவுலிச் ஆகியோரின் படையணிகள் தெற்கே சுற்றிச் சென்று, கெதெல்லெயில் திரண்டிருந்த ஆஸ்திரியரைப் பெஸ்ட் நகரிலிருந்து துண்டிக்க வேண்டும். ஏப்ரல் 4 அன்று தாபியோபிச்கெயில் கிளாப்கா, குரோவாசிய ஆளுநரான ‘பான்’ யெலாச்சிச்சின் படையோடு எதிர்பாராமல் மோதியதால் இந்தச் சூழ்ச்சி வெளிப்பட்டுவிட்டது. எனவே இஷாசெக்கில் நடந்தது, திட்டமிட்ட சுற்றிவளைப்பாக அன்றி, காட்டிலும் ராகோஷ் ஓடைக்கரையிலும் நேருக்கு நேர் நிகழ்ந்த போராகவே அமைந்தது.

ஏறத்தாழ 30,000 ஹங்கேரியரும் 26,000 ஆஸ்திரியரும் மோதிய அப்போரில் கிளாப்காவின் வீரர் தளர்ந்து பின்வாங்கினர். தம்யானிச் ஒருவரே நெடுநேரம் தாக்குப்பிடித்தார். பிற்பகலில் கெர்கெய் களத்திற்கு வந்து கிளாப்காவை மீண்டும் முன்னேறச் செய்ததும், அவுலிச்சின் படையணி உதவிக்கு வந்ததும் நிலைமையை மாற்றின. ஆனால் வடக்கே காஷ்பார் தமக்கிடப்பட்ட ஆணையை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்து நின்றுவிட்டதால், ஆஸ்திரியத் தளபதி ஷ்லிக்கின் படை தடையின்றி யெலாச்சிச்சுக்குத் துணைநிற்க முடிந்தது. உயிரிழப்பிலும் காயத்திலும் வென்றவர் பட்ட சேதமே மிகுதி. இரவில் யெலாச்சிச் விலகிச் சென்றிராவிடில் மறுநாளும் போர் தொடர்ந்திருக்கும். அவர் விலகியதை அறிந்த பின்னரே வின்டிஷ்கிரேட்ஸ் பெஸ்ட் நோக்கிப் பின்வாங்க ஆணையிட்டார். சில நாட்களில் அவர் பதவியையும் இழந்தார்.

ஏப்ரல் 7 அன்று கெதெல்லெ அரண்மனையில் தங்கிய ஹங்கேரிய விடுதலை இயக்கத் தலைவர் லாயோஷ் கொஷூத், ஓல்ம்யூட்ஸ் ஆவணத்திற்கு விடையாக முழு விடுதலையை அறிவிக்கும் கருத்தைத் தளபதிகளிடம் முன்வைத்தார். ஏப்ரல் 14 அன்று தெப்ரெசென் நகரின் பெரிய சீர்திருத்தத் தேவாலயத்தில், ஹாப்ஸ்பர்க் வம்சம் அரியணையிலிருந்து நீக்கப்பட்டதாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

இப்பிரகடனமே ஆஸ்திரியாவுக்குத் துணையாக வந்த ரஷ்யப் படையெடுப்பை வரவழைத்தது என்ற குற்றச்சாட்டு நெடுங்காலம் நிலவியது. எனினும் இஷாசெக்கில் தொடங்கி நாட்ஷாலோ போர் வரை ஆஸ்திரியருக்கு அடுத்தடுத்து நேர்ந்த தோல்விகளே, தனித்து வெல்ல இயலாது என்பதை வியன்னாவுக்கு உணர்த்தின எனக் கொள்வதே பொருந்தும். கெர்கெய் புடா கோட்டையைக் கைப்பற்றிய மே 21 அன்று, பேரரசர் பிரான்ஸ் யோசப் வார்சாவில் ஜார் முதலாம் நிக்கோலாஸைச் சந்தித்துப் படையுதவி குறித்துப் பேசிக்கொண்டிருந்தார்.