பெருநாள் பரபரப்பும் ஹிராவின் தனிமையும்

ரமலானின் கடைசிப் பத்து வந்துவிட்டால் அரியூர் வழியே செல்லும் விழுப்புரம் சாலைக்கு உறக்கமில்லை. கண்டமங்கலத்தைக் கடந்து புதுவைக்குப் போகும் பேருந்துகளில் ஜவுளி வாங்கச் செல்வோரும் வாங்கித் திரும்புவோருமாக நம் குடும்பங்கள் நிறைந்திருக்கக் காண்கிறோம். வீட்டிலோ தைக்கக் கொடுத்த துணி, பித்ராவுக்கு அரிசி, சம்பந்தி வீட்டுச் சீர், மருமகன் வருகை என அலுவல்கள் முடிவின்றி நீளுகின்றன. ஆயிரம் மாதங்களினும் மேலான ஓர் இரவு இந்தப் பத்தினுள் மறைந்திருக்கிறதென்று நம்பும் நாமேதான், ஆண்டிலேயே அமைதி குன்றிய நாட்களாக இவற்றை ஆக்கிக்கொண்டோம். ஓதவே நேரமில்லாத இடத்தில் சிந்திக்கவும் எழுதவும் நேரம் ஏது என்று கேட்போர் பலர். முன்னோர்க்கு மட்டும் அந்த நேரம் எங்கிருந்து கிடைத்தது?

நம் மண்ணிலிருந்தே தொடங்குவோம். வில்லியனூர், பாகூர் வட்டாரத்துச் சிற்றூர்கள் 1749ஆம் ஆண்டளவில், சந்தா சாகிபுக்கும் துய்ப்ளேக்கும் இடையே இருந்த நட்பின் பயனாகப் பிரெஞ்சுக்காரர் வசமாயின. அந்நாட்களின் அரசியல் ஆரவாரத்தை அன்றாடம் எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 செப்டம்பரில் தொடங்கிய அவருடைய நாட்குறிப்பு, 1761 ஜனவரியில் அவர் மறையும் காலம்வரை நீண்டது. கப்பல் வரவு, சரக்கின் விலை, கவர்னர் மாளிகையின் பூசல்கள் யாவும் அதில் உண்டு. 1747 முதல் துய்ப்ளேயின் துபாஷாக இருந்த அவருக்கு ஓய்வென்பதே அரிது. ஆயினும் ஓய்வு வரட்டுமென்று அவர் காத்திருக்கவில்லை. பரபரப்பின் நடுவிலேயே பேனா ஓடியது.

அதே காலத்தில், சந்தா சாகிபு மராட்டியரிடம் சிறைப்பட்டிருந்த ஆண்டுகளில், அவருடைய குடும்பத்தார் புதுவையில் அடைக்கலமாக வாழ்ந்தனர். தலைவன் சிறையிலிருக்க, அந்நிய ஊரில் நோன்பு துறந்த அந்த அந்திகளை அவ்வீட்டுப் பெண்மணி ஒருவர் எழுதி வைத்திருந்தால்! பிள்ளையவர்களின் ஏடுகளுக்கு அருகில் வைத்துப் போற்றத்தக்க நூலாக அது விளங்கியிருக்கும் அன்றோ?

எழுதும் ஆற்றல் ஒன்று; எழுதுவதற்கான பொழுது வேறொன்று. அந்தப் பொழுதை ஒருவருக்கு அமைத்துத் தருபவர் இன்னொருவர். இஸ்லாமிய வரலாற்றின் முதல் ஏடே இதற்குச் சான்றாக நிற்கிறது. நபித்துவம் அருளப்படுமுன் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மக்காவின் சந்தடியைவிட்டு ஹிராக் குகையில் பல இரவுகள் தனித்திருந்தார்கள். உணவு தீர்ந்ததும் இல்லம் திரும்புவார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் கட்டித்தரும் உணவைப் பெற்றுக்கொண்டு மீண்டும் மலையேறுவார்கள். ஹிராவின் தனிமையைப் பேசும் நாம் இந்த உணவு மூட்டையை மறந்துவிடுகிறோம். அதுவும் அந்தத் தனிமையின் ஒரு பகுதியே.

பின்னர் மதீனாவில் இஃதிகாஃப் நடைமுறையாயிற்று. ஆண்டுதோறும் பத்து நாட்களும், மறைந்த ஆண்டில் இருபது நாட்களும் அண்ணலார் பள்ளியில் தங்கினார்கள். அவர்களுக்குப் பின் அவர்களுடைய துணைவியரும் இஃதிகாஃப் இருந்தனர். இதில் ஒரு நிகழ்ச்சி நம் கருத்துக்கு உரியது. ஓராண்டில் அன்னை ஆயிஷா (ரலி) அனுமதி பெற்றுப் பள்ளியில் கூடாரம் அமைத்தார்கள். அடுத்து அன்னை ஹஃப்ஸா (ரலி), அன்னை ஸைனப் (ரலி) ஆகியோரின் கூடாரங்களும் எழுந்தன. இவற்றைக் கண்ட அண்ணலார், நன்மை நாடியா இவை எழுந்தன என்னும் கருத்தில் வினவி, அந்த ரமலானில் இஃதிகாஃபை விட்டுவிட்டு, ஷவ்வாலில் பத்து நாட்கள் இருந்து அதை ஈடு செய்தார்கள். தனிமையைத் தேடும் இடத்திலும் போட்டி புகக்கூடும் என்பதை இதனால் அறிகிறோம். பெருநாளுக்கு முன் தவறிய பொழுதைப் பெருநாளுக்குப் பின் தேடிக்கொள்ளலாம் என்பதையும் அறிகிறோம். பின்னதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1095இல் பாக்தாதின் நிஜாமிய்யாக் கல்லூரிப் பதவியைத் துறந்து டமாஸ்கஸ் சென்று, அங்கே பெரிய பள்ளியின் மினாராவில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்பது பலரும் அறிந்த செய்தி. அவர்களே தம் வரலாற்றில் ஒப்புக்கொள்வது அவ்வளவாக அறியப்படவில்லை. குடும்பக் கவலையும் பிழைப்பின் தேவைகளும் தம் தனிமையைக் கலைத்தன என்றும், தூய நிலை இடையிடையேதான் வாய்த்தது என்றும், ஆயினும் நம்பிக்கையைக் கைவிடவில்லை என்றும் அவர்கள் எழுதுகிறார்கள். அத்தகைய ஏறத்தாழப் பத்தாண்டுகளின் விளைவே இஹ்யாவு உலூமித்தீன். கஸ்ஸாலிக்கே கலைந்த தனிமை நமக்குக் கலைவதில் வியப்பில்லை.

தமிழுக்கு வருவோம். உமறுப் புலவரைச் சீறாப்புராணம் பாடத் தூண்டியவர் வள்ளல் சீதக்காதி. அவர் மறைந்தபின் புலவரை ஆதரித்தவர் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களைப் பாடுவதற்குப் புலமை மட்டும் போதாது. நாளைய சோற்றுக்குக் கவலையற்ற மனமும் வேண்டும். அம்மனத்தை வழங்கியவரைப் புலவர் தம் காப்பியத்துள் இடையிடையே போற்றுகிறார். அதை வெறும் புகழுரை என்று கருதுவோர் உளர். உணவு மூட்டைக்கு எழுதிய நன்றி என்றே நாம் கொள்கிறோம்.

ஆடவர் கதை இவ்வாறு. பெண்களுக்கு மூட்டை கட்டித் தந்தவர் யார்? கீழக்கரை ஆசியா உம்மா அவர்கள் வீட்டின் மேல்தளத்தில் தனித்திருந்து தியானமும் பாடலுமாக வாழ்ந்ததால் 'மேல்வீட்டுப் பிள்ளை' எனப்பட்டார். நாகூரில் 1917இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளி சென்றவரல்லர். 1938இல் அவருடைய 'காதலா கடமையா' நாவல் வெளிவந்தபோது உ.வே. சாமிநாதையரின் பாராட்டைப் பெற்றது. கந்தூரிக் கூட்டம் அலைமோதும் ஊரில், குழந்தைகளோடு குடும்பம் நடத்திக்கொண்டே அவர் எழுதினார். இத்தகையோர் விரல்விட்டு எண்ணத்தக்கவராயிருப்பது பெண்களுக்கு ஆற்றல் குறைந்ததாலன்று. கீழ்வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஆளிருந்தால்தான் ஒருவர் மேல்வீட்டுக்கு ஏற இயலும். நம் வீடுகளில் ஆடவர் தராவீஹ் முடித்து வந்து அமர்கையில், பெண்கள் ஸஹருக்கு அரிசி களைந்துகொண்டிருக்கின்றனர்.

சென்ற ரமலானில் அரியூரை அடுத்து நாம் அறிந்த ஓர் இல்லத்தில், ஒற்றைப்படை இரவுகளின் ஸஹர்ச் சமையலை ஆண்மக்கள் ஏற்றுக்கொண்டனர். சோறு குழைந்ததும் ஆணத்தில் உப்பு மிகுந்ததும் உண்மை, அதை மறைப்பானேன்! அவ்வீட்டு மூதாட்டியார் அந்த இரவுகளில் தொழுது முடித்த பின், சிறுமியாக இருந்தபோது தாம் கேட்ட தாலாட்டுகளை நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல, பேத்தி எழுதிக்கொண்டாள். பிறை தென்பட்ட அன்று நாற்பது பக்க நோட்டில் பாதிதான் நிறைந்திருந்தது. விருந்தினர் விடைபெற்றுச் சென்றபின், ஷவ்வாலில் மீதியையும் எழுதி முடித்தார்கள்.