பரந்தனின் காரமும் வன்னியின் சவர்க்காரமும்

வரலாறு என்றதும் முடிமன்னர்களின் பட்டியலையும் போர்க்களங்களின் பெயர்களையுமே நினைவுகூரப் பழகிவிட்டோம். பண்டாரவன்னியனின் வீரத்தைப் பற்றி வினவினால் பக்கம் பக்கமாக விடையெழுதும் மாணவன், தன் பாட்டி எதைக் கொண்டு உடுப்புத் தோய்த்தாள் என்று கேட்டால் திகைத்து நிற்பான். ஆயினும் மக்களின் வாழ்வை நிருணயித்த சக்திகளை அறிய விரும்புவோர்க்கு ஒரு சவர்க்காரக் கட்டியும் செப்பேட்டுக்கு நிகரான சான்றேயாகும். வன்னிப் பெருநிலத்தைப் பொறுத்தவரை இது மிகையுரையன்று.

சவர்க்காரம் என்பது கொழுப்பும் காரமும் சேர்ந்து பிறக்கும் பொருள். இவற்றுள் எண்ணெய் எளிதிற் கிடைப்பது, காரமே அரியது. ஒரு கிலோ தேங்காயெண்ணெயைச் சவர்க்காரமாக்க ஏறத்தாழ 183 கிராம் எரிசோடா வேண்டும். விறகுச் சாம்பலை நீரில் ஊறவைத்து, சுண்ணாம்பு சேர்த்து வடித்தால் பொட்டாசியக் காரம் கிடைக்கும். ஆனால் அதிலிருந்து கட்டிச் சவர்க்காரம் உருவாகாது; குழைவானதே உருவாகும். முகச்சவரத்துக்கு வேண்டிய செழுமையான நுரையைத் தருவதும் இக்குழைவான இனமே. பிரான்சில் லெப்ளாங் என்பவர் உப்பிலிருந்து சோடா ஆக்கும் முறைக்கு 1791 இல் காப்புரிமை பெற்றார். சாம்பலை நம்பியிருந்த தொழில் ஆலைத்தொழிலாக வளர்வதற்கு அம்முறை வழிதிறந்தது. எனினும் பிரித்தானியாவிலே 1853 வரை சவர்க்காரத்துக்கு வரி இருந்தது. உழைத்து அழுக்கானவன் அவ்வழுக்கைப் போக்கவும் அரசுக்குக் கப்பம் கட்டினான்.

நமது சமுதாயத்திலோ தூய்மைக்கு வேறொரு வரி இருந்தது. அதன் பெயர் சாதி. பிறர் அழுக்கை வெளுத்தவரும், பிறர் முகத்தை மழித்தவரும் குடிமைத் தொழிலாளராகக் கட்டுண்டு கிடந்தனர். சவரக்கத்தி பட்டு எரியும் தோலைப் படிகாரக் கட்டியால் தடவி ஆற்றும் அறிவு அவர்களுடையது. படிகாரம் தோலை இறுக்கி, குருதியை உறையச் செய்யும். சவர்க்காரத்தின் காரத்தன்மையையும் அதன் புளிப்புத் தணிக்கும். இன்று வாசனையூட்டிப் போத்தல்களில் அடைத்து விற்கப்படும் சவரப் பின்பூச்சுகள் செய்யும் வேலையை அக்கட்டி முன்னரே செய்துவந்தது. அந்த அறிவைக் கைக்கொண்டவனோ தீண்டத்தகாதவன் எனப்பட்டான். அவனைக் காட்டிலும் தாழ்த்தப்பட்டோருக்குச் சலூன் கதவும் திறக்கவில்லை. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், தேநீர்க்கடைகளையும் கோயில்களையும் திறப்பிக்க 1966 இல் வெகுஜனப் போராட்டம் வெடிக்க வேண்டியிருந்தது.

இத்தகைய சமுதாயத்தில், அரசு கைத்தொழில்களை நிறுவத் தொடங்கிய 1950களில், பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. அண்மையிலிருந்த ஆனையிறவு உப்பளத்தின் உப்பே அதன் மூலப்பொருள். உப்புக் கரைசலில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் எரிசோடாவும் குளோரினும் ஐதரசனும் பிறக்கின்றன. 58.5 கிலோ உப்பு முற்றாக மாற்றமடைந்தால் 40 கிலோ எரிசோடாவும் 35.5 கிலோ குளோரினும் கிடைக்கும். எரிசோடா சவர்க்காரத்துக்கும் நெசவுக்கும் கடதாசிக்கும் வேண்டப்படுவது. குளோரின் குடிநீரைத் தூய்மையாக்குவது. நெல்லும் மீனும் மட்டுமே தரும் பின்தங்கிய நிலம் என்று கருதப்பட்ட வன்னி, நாட்டின் தூய்மைக்கு வேண்டிய அடிப்படைப் பொருள்களை ஆக்கித் தந்தது என்பதை நம் மாணவர்கள் அறிதல் வேண்டும்.

போர் அந்த ஆலையை நிறுத்திச் சிதைத்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து வடக்கின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. எரிபொருள், மின்கலம், சீமெந்து, உரம் ஆகியவற்றோடு சவர்க்காரமும் தடைக்கும் அளவுக் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டது. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேறியோரில் பல்லாயிரவர் கிளாலி நீரேரியைக் கடந்து வன்னியை அடைந்தனர். 1996 இல் கிளிநொச்சி நகரமும் வெறுமையாயிற்று. மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் மரநிழல்களில் குடிசைகள் நெருங்கின. அத்தகைய நெருக்கத்தில் சொறியும் சிரங்கும் வயிற்றோட்டமும் விருந்தினராய் வருவதில்லை, குடியிருக்கவே வருகின்றன. எரிசோடா ஆக்கிய மண்ணில் வாழ்ந்த தாய், பிள்ளையின் கையைக் கழுவ ஒரு துண்டுச் சவர்க்காரத்துக்கு ஏங்கினாள். வரலாற்றின் கொடிய முரண்களுள் இதுவும் ஒன்று.

மக்கள் கைகட்டி இருக்கவில்லை. பனம்பழத்தைப் பிசைந்த களியிலே உடுப்புத் தோய்த்தனர். பனங்களியின் கசப்புக்குக் காரணமான சபோனின்கள் நீரில் நுரைப்பவை என்பதை ஆய்வாளர் பின்னர் விளக்கியுள்ளனர். நம் பெண்களோ அனுபவத்தால் அறிந்திருந்தனர். பாத்திரத்துக்குச் சாம்பலும் தலைக்கு அரப்பும் உதவின. சவரம் செய்தவனுக்குப் படிகாரமும் தேசிக்காயும் கைகொடுத்தன.

இவற்றைப் ‘பண்டைய அறிவின் மீட்சி’ என்று புகழ்ந்து பெருமூச்சு விடுவோர் உளர். அப்புகழ்ச்சியில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. பனங்களி தோய்த்த துணியில் மஞ்சட் கறையும் எறும்பும் ஏறின. பனம்பழம் பொறுக்கவும் பிசையவும் அலசவும் வேண்டிய உழைப்பு முழுவதும் பெண்களின் தலையில் விழுந்தது. வறுமையில் மலர்ந்த மதிநுட்பத்தைப் போற்றுவோம்; ஆனால் அந்த வறுமையை விதித்தவரை அப்போற்றுதலால் விடுதலை செய்துவிடலாகாது.

2002 இல் போர்நிறுத்தம் வந்தது, கண்டி வீதி திறந்தது, சவர்க்காரமும் வந்தது. 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009 இன் தொடக்கத்தில், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டியே மக்கள் கிழக்கு நோக்கி ஒதுங்கினர். மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் அப்பயணம் முடிந்தது. ஆலை நின்ற பின்னர், பரந்தனின் பெயரைத் தாங்கிய நிறுவனம் குளோரினை வெளிநாட்டிலிருந்து தருவித்து விற்கும் நிலைக்கு வந்தது.

தூய்மையை நாம் ஒழுக்கப் பாடமாகவே வகுப்பறையில் கற்பிக்கிறோம். ‘கை கழுவு’ என்று கட்டளையிடுகிறோம். கழுவுவதற்கு வேண்டியதை ஆக்குபவர் யார், அது வந்து சேரும் பாதையை மூடுபவர் யார் என்று கேட்பதில்லை. வன்னியின் மூத்த தாய்மாரும், ஆலையில் உழைத்த முதியோரும், சலூன் தொழிலாளரும் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களிடம் மாணவர்களை அனுப்புவோம். அவர்கள் எழுதிக்கொண்டு வரும் குறிப்பேடுகளே இந்நிலத்தின் மெய்யான பாடநூலின் முதற்பக்கங்களாகட்டும்.