புல்லட்டின் விலா எலும்பு

இங்கே தில்லியில் புல்லட் என்றால் பஞ்சாபி வண்டி என்றே பலரும் நினைக்கிறார்கள். 1955இல் நம்ம மெட்ராஸில் தொடங்கிய கம்பெனியின் வண்டிங்க அது!

எஞ்சினைச் சுற்றி விலா எலும்பு மாதிரி இருக்கும் ஃபின்கள் அழகுக்கு அல்ல. சூட்டைக் காற்றில் விடத்தான். பழைய புல்லட்டில் ஹெட் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. இரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய மூன்று மடங்கு சூட்டைக் கடத்தும். முதல் உலகப் போரின்போதே இங்கிலாந்தில், ஃபார்ன்பரோவில், கிப்சனும் ஹெரானும் விமான எஞ்சின்களுக்காக அலுமினிய ஃபின்களை ஆராய்ந்துவிட்டார்கள். நம்ம புல்லட்டில் இரும்புச் சிலிண்டர் விடைபெற்றது 2010 வாக்கில்தான்!

எந்த உலோகமானாலும் இடுக்கில் காற்று ஓடவேண்டும். சிக்னலில் நின்றபடி முறுக்கினால் சூடுதான் ஏறும். ஃபின் இடுக்கில் சேறு அடைந்திருக்கிறதா, பாருங்கள்.